ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ: கட்டின காசு திரும்பி வருமா?

நேரா விஷயத்துக்கு வருகிறேன். இது எங்கள் பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு தனியார் நர்சிங் பள்ளியின் மூன்று வருட ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) டிப்ளமோ பற்றிய ரிவ்யூ. என் அக்கா மகள் அங்கே படித்து, பாஸ் பண்ணி, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். பள்ளியின் பெயரைப் போடவில்லை, போட்டும் பெரிய பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் நான் விசாரித்த வரையில் சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பள்ளியும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் நடக்கிறது. நான் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், அதனால் அட்மிஷன், லோன், ரசீது என்று பேப்பர் வேலை முழுக்க என் தலையில்தான் விழுந்தது. சொல்லிக்கொடுக்கும் விதத்துக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கொடுத்த காசுக்கு இரண்டு, அதுவும் கடைசியில் ஒரு பதிவு எண் கையில் கிடைக்கிறதே என்பதற்காக.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாடம் ஒழுங்காக நடந்தது. அனாட்டமி எடுத்த மேடம் அரசு மருத்துவமனையில் ரிட்டயர் ஆனவர், பிள்ளைகளைப் படுத்தி எடுத்துத்தான் விட்டார், ஆனால் இன்றைக்கு இவள் 500 மில்லி சலைன் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும், செட்டில் ஒரு மில்லிக்கு 15 துளி என்றால் நிமிடத்துக்குப் பதினாறு துளி என்று கால்குலேட்டர் இல்லாமல் சொல்கிறாள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போஸ்டிங் போட்டார்கள். நாலு ஊசி போட்டுப் பழகவும், பிரசவம் பார்க்கவும் அங்கேதான் வாய்ப்பு. பள்ளிக்குச் சொந்தமான மருத்துவமனையில் பாதிக் கட்டில் காலியாகத்தான் கிடக்கும்.

சரி, காசு.

ப்ராஸ்பெக்டஸில் வருடத்துக்கு 75,000 ரூபாய் என்று போட்டிருப்பார்கள். அது டியூஷன் மட்டும். ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம், புத்தகம், பரீட்சைக் கட்டணம், பஸ் எல்லாம் சேர்த்தால் 1,30,000-க்கு வந்து நிற்கும். இதற்கு மேல் ‘கிளினிக்கல்’ என்று ஒரு தொகை, விளக்கேற்றும் விழா என்று ஒரு தொகை, ரெக்கார்ட் நோட்டு திருத்த ஒரு தொகை. டியூஷனுக்கு அச்சடித்த ரசீது தருவார்கள், மற்றதற்கெல்லாம் துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதி ஒரு சீல். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் லோன் எடுப்பவர்களுக்கு இங்கேதான் முதல் அடி விழுகிறது. பள்ளி லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுக்கும் கட்டணப் பட்டியலைப் பார்த்துத்தான் வங்கி பணம் விடும். துண்டுச் சீட்டு அங்கே செல்லாது. அந்தக் காசு எங்கேயிருந்து வரும்? அக்கா வளையலை அடகுக் கடையில் வைத்தாள். ஆக கல்விக்கடன் ஒன்று, நகைக்கடன் ஒன்று என்று இரண்டு வட்டி ஓடியது. அட்மிஷன் போடும்போதே ‘மூன்று வருடத்துக்கும் எல்லாச் செலவையும் ஒரே பட்டியலாக எழுதிக் கொடுங்கள், வங்கி கேட்கிறது’ என்று சொல்லுங்கள். முனகுவார்கள், ஆனால் கொடுப்பார்கள்.

வங்கி அனுபவத்துக்குத் தனியாக ஒரு ரிவ்யூ எழுதலாம். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பித்துவிட்டு வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்குப் போனோம். நாலு லட்சம் வரைக்கும் நம் பங்காக எதுவும் போட வேண்டாம், ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஈடு வேண்டாம் என்பது விதி. ஆனால் விதி புத்தகத்தில் இருக்கிறது, நாற்காலியில் இருந்த மேனேஜர் சொன்னது வேறு: “நர்சிங்கா? இந்தக் கிளையில நர்சிங் லோன் வாங்குனவங்க பாதிப் பேர் ஒழுங்கா கட்டலம்மா.” அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கட்டாத பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்தக் கணக்கை இங்கே போடுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். வருடத்துக்கு 1,30,000 வீதம் மூன்று வருடத்துக்கு 3,90,000. வட்டி பத்தரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி மட்டும் சாதா வட்டியாக ஏறிக்கொண்டே இருக்கும். முதல் வருடத் தொகைக்கு நாலு வருட வட்டி, இரண்டாவதுக்கு மூன்று, மூன்றாவதுக்கு இரண்டு. கூட்டினால் 1,22,850. ஒரு ரூபாய் சம்பாதிப்பதற்கு முன்னாடியே கடன் 5,12,850 ஆகிவிட்டது. இதைப் பத்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் மாதம் 6,900 சொச்சம். பதினைந்து வருடம் என்றால் 5,670 பக்கம் வரும், ஆனால் மொத்தமாகக் கட்டுவது பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். மாதத் தவணை குறைகிறதே என்று பதினைந்துக்குத் தலையாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு வழி உண்டு, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை, வங்கியிலும் தானாகச் சொல்வதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,50,000-க்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஒரு வருடத்துக்குமான வட்டியை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. நர்சிங் என்றால் பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்க வேண்டும், வருமானச் சான்றிதழைத் தாசில்தார் ஆபீசில் வாங்கி லோன் போடும்போதே கொடுத்துவிட வேண்டும். அது கிடைத்தால் மேலே சொன்ன 1,22,850 அப்படியே கழிந்து, பத்து வருடத் தவணை 5,260 பக்கம் இறங்கும். கிடைக்காதவர்கள், முடிந்தால் அந்த வட்டியை மட்டுமாவது மாதா மாதம் கட்டிவிடுங்கள். முதல் வருடம் மாதம் ஆயிரத்துச் சொச்சம்தான் வரும்.

இப்போது அக்கா மகளுடைய சம்பளச் சீட்டு. 120 கட்டில் இருக்கும் மருத்துவமனை, ஐ.சி.யூ. டியூட்டி. மொத்தச் சம்பளம் 14,500. இதில் பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 109, ஹாஸ்டலும் சாப்பாடும் 2,000 பிடித்தம். கையில் 11,191. தவணை 6,900 போனால் மிச்சம் 4,300-க்குள். அதில் போன் ரீசார்ஜ், ஊருக்கு வந்து போகும் பஸ், வெள்ளை ஷூ வருடத்துக்கு இரண்டு ஜோடி. நைட் டியூட்டிக்குத் தனி அலவன்ஸ் உண்டா என்று கேட்டேன். “டீ குடுப்பாங்க சித்தி” என்றாள்.

இந்த இடத்தில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் ஒன்று. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு போட்டு, தனியார் மருத்துவமனை நர்ஸ்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பரிந்துரை வாங்கியது. இருநூறு கட்டிலுக்கு மேல் இருந்தால் அந்த மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். நூறுக்கு மேல் என்றால் அதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஐம்பதிலிருந்து நூறு வரை என்றால் இருபத்தைந்து சதவீதம். ஐம்பதுக்குக் கீழே இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிகூட குறைந்தது 20,000 தர வேண்டும். கேரளாவில் நர்ஸ்கள் தெருவில் இறங்கிப் போராடி 2018-இல் குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணையே வாங்கிவிட்டார்கள். இங்கே இத்தனை வருடம் கழித்தும் 120 கட்டில் மருத்துவமனை 14,500 கொடுக்கிறது, அதற்கும் வேலைக்கு வர வரிசை நிற்கிறது. பள்ளிகள் ப்ராஸ்பெக்டஸில் ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்று போடுவது பொய்யில்லை, வேலை நிஜமாகவே கிடைக்கும். சம்பளத்தைத்தான் போட மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் தனியார் ஜி.என்.எம்.-க்கு மொத்தக் கடன் ஒன்றரை லட்சத்துக்குள் நின்றால் யோசிக்காமல் சேரலாம், மாதம் 2,000 தவணை இந்தச் சம்பளத்திலும் தாங்கும். மூன்று, நாலு லட்சம் என்று போனால் முதல் ஐந்து வருடம் பிள்ளை வங்கிக்குத்தான் உழைக்கும்.

பி.எஸ்சி. நர்சிங் எடுத்திருக்கலாமே என்பார்கள். நாலு வருடம், செலவு இன்னும் கூட, பிளஸ் டூவில் பயாலஜி குரூப் வேண்டும். ஜி.என்.எம்.-க்கு எந்த குரூப் என்றாலும் நாற்பது சதவீதம் போதும். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் இரண்டுக்கும் ஆரம்பச் சம்பளத்தில் ஆயிரம், இரண்டாயிரம்தான் வித்தியாசம், அதனால் உள்ளூரிலேயே இருக்கப் போகிற பெண்ணுக்கு அந்தக் கூடுதல் கடன் வீண். வெளியே போகிற எண்ணம் இருந்தால் கதை வேறு.

அப்புறம் அந்த ஒரு வருட, ஆறு மாத ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ சர்டிஃபிகேட். பஸ் ஸ்டாண்டு மாடியில் போர்டு வைத்து நடத்துகிறார்களே, அதுதான். இதற்கு நான் ஸ்டாரே கொடுக்க மாட்டேன். 40,000, 50,000 வாங்கிக்கொண்டு வெள்ளை கோட்டு போட்டு போட்டோ எடுத்துக் கொடுப்பார்கள். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில் 1926-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் வந்தது, அதில் பதிவு இருந்தால்தான் நர்ஸ். ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு), ஜி.என்.எம்., பி.எஸ்சி. இவற்றுக்குத்தான் பதிவு. மாடி சர்டிஃபிகேட்டுக்குக் கிடையாது, எந்த ஜென்மத்திலும் கிடையாது. அங்கீகாரம் இல்லாததால் வங்கி கல்விக்கடனும் தராது, ஆகவே அந்த வீட்டுப் பெண்கள் குழுக் கடன் வாங்கி, வாரா வாரம் கட்டுகிறார்கள். படித்து முடித்து கிளினிக்கில் எட்டாயிரம். பத்து வருடம் ஆனாலும் அதே அசிஸ்டென்ட், ஒரு படி மேலே ஏற முடியாது, ஜி.என்.எம். சேர்ந்தால் மறுபடி முதல் வருடத்திலிருந்துதான்.

இதே வேலைக்கு ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ என்று அரசு திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இலவசப் பயிற்சி இருக்கிறது. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, பெட் பான் வைப்பது, வீல் சேரில் ஏற்றுவது, பி.பி. பார்ப்பது, இதுதான் இரண்டிலும் பாடம். ஓசியில் கிடைப்பதைக் கடன் வாங்கி வாங்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், வேடிக்கையாக இருக்கும்: எங்கள் தெருவில் ஒரு பெண் இந்த இலவசப் பயிற்சி முடித்து, சென்னையில் ஒரு வயதான அம்மாவை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறாள், சாப்பாடு போக ஏஜென்சி கமிஷன் கழித்து 16,000 வீட்டுக்கு அனுப்புகிறாள். மூன்று வருடம் படித்த என் அக்கா மகளைவிட இன்றைய தேதிக்கு அவள் கையில் காசு அதிகம், கடனும் இல்லை. ஆனால் லீவு இல்லை, தூக்கம் இல்லை, அந்த அம்மா போய்விட்டால் அடுத்த வீடு தேட வேண்டும்.

ஜி.என்.எம்.-இல் காசு எங்கேதான் இருக்கிறது என்றால், அரசுப் பரீட்சையில். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் வேலைக்கு நார்செட் என்று ஒரு தேர்வு 2020-லிருந்து நடக்கிறது. ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 44,900, மேலே பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி. ரயில்வேயிலும் இதே அளவுதான். பி.எஸ்சி. முடித்தவர்கள் நேராக எழுதலாம். ஜி.என்.எம். என்றால் குறைந்தது ஐம்பது கட்டில் உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். இதை யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. என் அக்கா மகளோடு படித்தவள் ஒருத்தி வீட்டுக்குப் பக்கம், சம்பளம் ஆயிரம் கூட என்று முப்பது கட்டில் நர்சிங் ஹோமில் சேர்ந்து இரண்டு வருடம் ஓட்டிவிட்டாள். அந்த அனுபவச் சான்றிதழை வைத்து நார்செட்டுக்கு விண்ணப்பமே போட முடியவில்லை. முதல் வேலை தேடும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் எத்தனை கட்டில் என்று கேளுங்கள்.

மாநில அரசு வேலை என்றால் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு. ஆனால் எடுத்த உடனே நிரந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2015-இல் எடுக்கப்பட்டவர்கள் 7,700 தொகுப்பூதியத்தில் ஆரம்பித்தார்கள், போராடிப் போராடித்தான் அது 14,000, 18,000 என்று ஏறியது. கொரோனா சமயத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸ்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தினார்கள், எல்லோரும் அவர்களைக் கைதட்டி வாழ்த்தி முடித்து மூன்று வருடம்கூட சரியாக ஆகியிருக்கவில்லை. தவணை கட்டும் கணக்கில் ‘அரசு வேலை’ என்று எழுதுவதற்கு முன்னால் அது நிரந்தரமா, தொகுப்பூதியமா என்று பாருங்கள்.

வெளிநாடு பற்றிச் சுருக்கமாக. சவுதி, குவைத் மாதிரி நாடுகளுக்கு நர்ஸ்களை எடுப்பது 2015-லிருந்து அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் நடக்க வேண்டும், நம் ஊரில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, கேரளாவில் நோர்கா. பதிவு பெற்ற ஏஜென்ட் யாராக இருந்தாலும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். மூன்று லட்சம், ஐந்து லட்சம் கேட்கிறவனைப் பார்த்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஜெர்மனி ஆசை இருந்தால் மொழி படிக்கவே ஒரு வருடம் போகும், அந்த ஒரு வருடமும் தவணை நிற்காது, இதையும் கணக்கில் சேருங்கள்.

பள்ளிக்கு ஏன் இரண்டு ஸ்டார் என்று கேட்டால், முக்கியக் காரணம் ஒரிஜினல். சேரும் அன்று பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார்கள். மூன்றாம் வருடத் தவணையை வங்கி தாமதமாக விட்டது. பாக்கி தீரும் வரை டிப்ளமோ சர்டிஃபிகேட் கிடையாது என்றார்கள். சர்டிஃபிகேட் இல்லாமல் கவுன்சில் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் ஸ்டாஃப் நர்ஸ் வேலை இல்லை. அதனால் அவள் ‘ட்ரெய்னி’ என்ற பெயரில் மாதம் 9,000-க்கு அதே ஐ.சி.யூ. வேலையைப் பார்த்தாள். கடனை அடைக்க வேண்டிய சம்பளத்தைக் கடனே தள்ளிப்போட்ட கதை. பாக்கி முழுக்கக் கட்டிய பிறகும் ‘எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் வேலை பார்க்க வேண்டும், பாண்ட் போட்டிருக்கிறீர்கள்’ என்று ஒரு தாளை நீட்டினார்கள். பாண்ட் முறை கூடாது என்று நர்சிங் கவுன்சில் சொல்லியே வருடக்கணக்கு ஆகிறது. கவுன்சிலுக்கு எழுதப்போகிறேன் என்று கடிதத்தை டைப் அடித்து மேஜை மேல் வைத்த பிறகுதான் பீரோ திறந்தது. சேரும்போது நகல் மட்டும் கொடுங்கள். ஒரிஜினலைச் சரிபார்க்கக் காட்டிவிட்டு அன்றே கையோடு வாங்கி வாருங்கள், மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இந்த வருடம் எதிர்வீட்டுப் பெண்ணுக்காக இதே பள்ளிக்குப் போய், போன வருடம் முடித்தவர்கள் யார் யார் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், இரண்டு பேருடைய சம்பளச் சீட்டைப் பெயரை மறைத்தாவது காட்ட முடியுமா, மொத்தச் செலவை எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். ஆபீஸில் இருந்தவர் “மேடம், நீங்க அட்மிஷனுக்கு வந்தீங்களா, ஆடிட்டுக்கு வந்தீங்களா?” என்றார். இரண்டுக்கும்தான் என்று சொல்லிவிட்டு வந்தோம். அந்த எதிர்வீட்டுப் பெண் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், எங்கே சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும். மார்க்கும் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோடு இருக்கும் நர்சிங் பள்ளிகளில் பெண்களுக்கான டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம், அங்கே கட்டணம் பெயருக்குத்தான். ரேங்க் லிஸ்ட் இன்னும் வரவில்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி போடலாம், அதுவரை அந்த இலவசப் பயிற்சியை முடித்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன், அவள் அப்பாவுக்குத்தான் ஒரு வருடம் வீணாகிறதே என்று மனசில்லை.